காய்ந்த ஆற்றோரம் கூடாரம், பாறையேற்றம்: வாசகர் கேள்விகள்

மழை பெய்தால் மட்டும் ஓடும் காட்டாறுகளின் கரையில் குடும்பத்தோடு தங்கிப் பாறையேறப் போகிற வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: ஆற்றுமணல் சமமாக, மெத்தைபோல் இருக்கிறது. கரையில் எங்கு பார்த்தாலும் முள்ளும் கல்லும்தான். மழை ஓய்ந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. இரண்டு இரவுக்கு மணலிலேயே கூடாரம் போட்டால் என்ன?

பதில்: போடாதீர்கள். அந்த மணலைச் சமமாக்கியதே வெள்ளம்தான். அடுத்த வெள்ளமும் அதே வழியில்தான் வரும். வறண்ட நிலத்தில் மண் இறுகிக் கிடக்கிறது, செடிகொடியும் குறைவு. அதனால் பெய்கிற மழையில் பெரும்பகுதி உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிடுகிறது. மேட்டில் சிறிது நேரம் கொட்டிய மழை சிற்றோடைகள் வழியாக ஒன்றுசேர்ந்து, கீழே ஒரே பாய்ச்சலாக வந்துவிடும். தூங்கும் பிள்ளைகளை எழுப்பி, செருப்பைத் தேடி, இருட்டில் கரையேற்றச் சில நிமிடங்களாவது வேண்டும். காட்டாறு அந்த நிமிடங்களைத் தரும் என்று நம்பிப் படுக்க முடியாது.

இடம் தேடும்போது முதலில் பழைய வெள்ளத்தின் உயரத்தைக் கண்டுபிடியுங்கள். புதர்களின் கிளையிடுக்கில் செத்தையும் வேரும் காய்ந்த புல்லும், நீர் வந்த திசையைப் பார்த்த பக்கமாகச் சிக்கியிருக்கும். மரப்பட்டை உரிந்திருக்கும். பாறைச் சுவரில் வண்டல் கோடு தெரியும். அவற்றில் மிக உயரமான அடையாளத்தைக் குறித்துக்கொண்டு, அதைவிட நன்றாக உயர்ந்த திட்டாகப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது முன்பு வந்த வெள்ளத்தின் உயரம்தான். இனி வருவது அதற்குள் அடங்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

உயரமாக இருந்தாலும் மூன்று இடங்கள் ஆகாது. ஒன்று, ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரை. நீர் அங்கேதான் மோதி அடியை அரிக்கும், மேலே திடமாகத் தெரியும் மண் அப்படியே சரியும். இரண்டாவது, ஆற்றின் நடுத்திட்டு. நீர் இருபுறமும் ஓடத் தொடங்கினால் நீங்கள் தீவில் மாட்டிக்கொண்டீர்கள். மூன்றாவது, பக்கத்து ஓடை வந்து சேரும் வாய். பெரிய ஆற்றையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்தச் சின்ன ஓடையை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளத்துக்குப் பயந்து பாறையடிக்கு ஒதுங்குபவர்கள் உண்டு. தரையில் கிடக்கும் கற்களைப் புரட்டிப் பாருங்கள். விளிம்பு கூராக, உடைந்த முகம் மற்றப் பக்கங்களைவிட வெளுத்து இருந்தால் அது அண்மையில் மேலிருந்து விழுந்த கல். அங்கே கூடாரம் வேண்டாம்.

இடம் முடிவானதும், வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கூடாரத்திலிருந்து இன்னும் உயரமான மேட்டுக்கு ஒருமுறை நடந்து காட்டுங்கள். அந்த வழி ஓடை எதையும் கடக்கக் கூடாது. வண்டியும் சாலை இருக்கும் கரையிலேயே நிற்கட்டும்.

கேள்வி: வானம் வெறிச்சென்று இருக்கும்போதும் வெள்ளம் வரும் என்கிறார்களே, உண்மையா? வந்தால் எப்படித் தெரியும்?

பதில்: உண்மை. 1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில், ஆண்டிலோப் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்குக்குள் இருந்த 11 பேர் திடீர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை கொட்டியது அவர்கள் நின்ற இடத்தில் அல்ல, மேலே நீர்ப்பிடிப்புப் பகுதியில். ஆகவே நீங்கள் தங்கும் ஊரின் வானிலை அறிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. ஆறு எங்கே பிறந்து எந்தெந்த மேடுகளின் நீரை வாங்கிக்கொண்டு வருகிறது என்று வரைபடத்தில் பார்த்து, அந்த இடங்களின் அறிக்கையையும் படியுங்கள். அங்கே இடிமழை என்றிருந்தால் அன்று குறுகிய பள்ளத்தாக்குக்குள் நுழைய வேண்டாம். இருபுறமும் சுவர் எழும்பியிருக்கும் இடத்தில் ஓடி ஏற வழியே கிடையாது.

அடையாளங்கள் சில உண்டு. மேல்பக்கத்தில் தொலைதூர இடி. தெளிந்து கசிந்துகொண்டிருந்த நீர் கலங்குவது. சுள்ளியும் நுரையும் மிதந்து வருவது. லாரி கூட்டமாக வருவதுபோன்ற இரைச்சல். இவற்றில் ஒன்று தெரிந்தாலே நேராகப் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். ஆற்றின் போக்கிலேயே ஓடி வெள்ளத்தை முந்த முடியாது. கயிறு, கூடாரம், அடுப்பு எல்லாம் கிடந்த இடத்தில் கிடக்கட்டும்.

பாய்ந்தோடும் நீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே நின்றுகொண்டிருக்கும் பெரியவரைத் தள்ளிவிடும். 30 சென்டிமீட்டர் சிறிய காரை நகர்த்தும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை மிதக்கவைத்து இழுத்துப்போகும். கலங்கிய நீரில் அடியில் குழி இருக்கிறதா, கல் உருள்கிறதா என்பதும் தெரியாது. ஆகவே அக்கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே காத்திருங்கள். இத்தகைய வெள்ளம் பெரும்பாலும் வந்த வேகத்திலேயே வடியும். அதற்காகத்தான் ஒருநாள் உணவையும் நீரையும் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

கேள்வி: பெரியவர்கள் இருவர், 8 வயதிலும் 11 வயதிலும் பிள்ளைகள் இருவர், மூன்று நாள். வழியில் குடிநீர் கிடைக்காது. எவ்வளவு எடுத்துப் போவது?

பதில்: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒருநாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கிடுங்கள். பிள்ளைகளுக்குக் குறைக்க வேண்டாம். மிஞ்சினால் கை கழுவவும் பாத்திரம் அலசவும் ஆகும். நால்வருக்கு மூன்று நாளுக்கு 48 லிட்டர், கூடுதல் ஒருநாளுக்கு 16, மொத்தம் 64 லிட்டர். எடையும் 64 கிலோ. அதைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் நடக்க முடியாது என்பதால், வண்டி நிற்கும் இடத்திலிருந்து பாறை எவ்வளவு தூரம் என்பதே உங்கள் பயணத்தின் எல்லையைத் தீர்மானிக்கிறது.

எல்லாவற்றையும் ஒன்றிரண்டு பெரிய கேனில் அடைக்காதீர்கள். மூடி சரியாகப் பொருந்தாமல் ஒரு கேன் இரவு முழுக்கக் கசிந்தால் பயணம் அத்தோடு முடிந்தது. 10 லிட்டர் கேன்களாகப் பிரித்து, புறப்படும் முந்தைய நாளே நிரப்பி, கவிழ்த்து வைத்துக் கசிவு பாருங்கள். ஒரு கேனை வண்டியில் தனியாக வைத்துவிடுங்கள். திரும்பும் வழியில் வண்டி பழுதானால் அதுதான் உங்கள் நீர்.

பாறையேறும் பிள்ளைகளுக்கு விளையாட்டு மும்முரத்தில் தாகம் தெரியாது. ஒவ்வொரு ஏற்றம் முடிந்ததும் சில மிடறு என்று வழக்கமாக்குங்கள். வெறும் நீரையே நாள் முழுக்கக் குடித்துக்கொண்டு எதுவும் சாப்பிடாமல் இருப்பதும் நல்லதல்ல. வியர்வையில் போகும் உப்பு திரும்ப வர வேண்டும். உப்புச் சேர்ந்த தின்பண்டம் போதும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆனால் 1 லிட்டர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பு அதிகமானால் கெடுதல், அதனால் கண்ணளவில் போடாதீர்கள். தேக்கரண்டியையும் பையில் வையுங்கள்.

சிறுநீர் அடர்மஞ்சளாவது, தலைவலி, காரணமில்லாத சிணுங்கல் ஆகியவை தெரிந்தால் ஏறுவதை நிறுத்தி நிழலுக்கு வாருங்கள். பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், கூப்பிட்டால் பதில் வராவிட்டால் அது வெப்பத்தாக்கு. உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்க நீரை ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போது குடிநீரைச் சேமிக்க நினைக்காதீர்கள்.

கேள்வி: மணலில் ஊற்றுத் தோண்டினால் நீர் வராதா?

பதில்: வரலாம், வராமலும் போகலாம். அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. வந்தால், தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். 2000 மீட்டருக்கு மேல் உயரமான இடமென்றால் மூன்று நிமிடம். வண்டலோடு நேரே வடிகட்டிக் கருவியில் ஊற்றினால் அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். மேல்பக்கத்தில் சுரங்கமோ பூச்சிமருந்து அடிக்கும் வயலோ இருந்தால், கொதிக்கவைத்தாலும் அந்த நீர் குடிக்க ஆகாது.

கேள்வி: கரைமேட்டு மணலில் கூடாரத்தின் ஆணிகள் நிற்கவே மாட்டேன் என்கின்றன. காற்றடித்தால் பிடுங்கிக்கொண்டு வருகின்றன.

பதில்: கெட்டித் தரைக்கான மெல்லிய ஆணி மணலில் நிற்காது. ஆணியைக் குத்தாமல் புதையுங்கள். ஒரு முழக் கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி, கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காக, 30 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடத்தி, மணலை மூடி மிதித்து இறுக்குங்கள். கயிறு வெளியே வரும் பக்கத்தில் சாய்வாக ஒரு சிறு பள்ளம் வெட்டுங்கள். இல்லாவிட்டால் கயிறு கட்டையை மேல்நோக்கிக் கிளப்பிவிடும். கட்டை கிடைக்காவிட்டால் கூடாரம் வந்த பையிலேயே மணலை நிரப்பிப் புதைக்கலாம். கல்லில் கட்டுவதானால் கூர்விளிம்பு கயிற்றை அறுக்காமல் பாருங்கள். பகலில் பள்ளத்தாக்கின் கீழிருந்து மேலாகவும் இரவில் மேலிருந்து கீழாகவும் காற்று திரும்புவது வழக்கம். ஆகவே ஒருபக்கம் மட்டும் பலமாகக் கட்டிவிட்டுப் படுக்காதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. இடுப்பில் மட்டும் கட்டும் ஹார்னஸின் (ஏறுபவரைக் கயிற்றோடு இணைக்கும் பட்டை) மிகச் சிறிய அளவை வாங்கினால் போதாதா? அவளுடைய சைக்கிள் ஹெல்மெட்டும் இருக்கிறது.

பதில்: இரண்டும் வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு இடுப்பெலும்பு அகன்றிருக்காது, உடம்பில் தலையின் எடைப்பங்கு அதிகம். விழும்போது தலைகீழாகத் திரும்பினால் இடுப்பு ஹார்னஸிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிட முடியும். தோள், மார்பு, தொடை மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ் வாங்குங்கள். ஐரோப்பியத் தரம் ஈஎன் 12277 இல் 'பி' வகை என்பது 40 கிலோவுக்கு உட்பட்டவர்களுக்கான முழு உடல் ஹார்னஸ். வளர்ந்த பிறகு இடுப்பு ஹார்னஸுக்கு மாற்றும்போது, பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இறுக நிற்கிறதா, கீழே இழுத்தால் எலும்பைத் தாண்டி இறங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டைக்குள் விரித்த கை நுழையலாம், மடக்கிய முஷ்டி நுழையக் கூடாது.

சைக்கிள் ஹெல்மெட் மேலிருந்து விழும் கல்லுக்காகச் செய்யப்பட்டதல்ல. ஈஎன் 12492 என்ற எண் போட்ட பாறையேற்ற ஹெல்மெட் வேண்டும். ஏறுகிறவருக்கு மட்டுமல்ல, கீழே நிற்கும் எல்லோருக்கும். கல் விழுவது கீழே நிற்பவர் மேல்தான்.

கேள்வி: பாறை உச்சியில் ஒரே ஒரு மரம் இருக்கிறது. அதில் கயிற்றைக் கட்டிப் பிள்ளைகளை ஏற்றலாமா?

பதில்: ஒரே மரத்தை நம்பாதீர்கள். வறண்ட பாறைமேல் நிற்கும் மரத்துக்குப் பல நேரம் ஆழமான வேர் இருக்காது; பாறை வெடிப்பில் கொஞ்சம் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பச்சையாக, தொடையளவு பருமனாக, தள்ளினால் அடிமண் அசையாமல் இருந்தால் அது ஒரு பிடிப்பு. அதோடு தொடர்பே இல்லாத இன்னொரு பிடிப்பும் வேண்டும். ஒன்று முற்றிலும் பிடுங்கிக்கொண்டாலும் மற்றது தனியாகத் தாங்க வேண்டும் என்பதே கணக்கு. பாறாங்கல்லில் கட்டுவதானால், அது ஆள் சேர்ந்து தள்ளினாலும் ஆடாத அளவு பெரிதாக, சமதரையில் பதிந்து கிடக்க வேண்டும். சரிவில் உட்கார்ந்திருக்கும் கல் எவ்வளவு பெரிதானாலும் ஆகாது.

இரண்டு பிடிப்புகளிலிருந்தும் வரும் கயிறுகள் சேரும் கோணத்தைக் கவனியுங்கள். 60 டிகிரிக்குள் இருந்தால் ஒவ்வொன்றும் எடையில் 58 சதவீதத்துக்குள் தாங்குகிறது. 90 டிகிரியில் அது 71 சதவீதம். 120 டிகிரியில் ஒவ்வொன்றும் முழு எடையையும் தாங்குகிறது. இரண்டாகப் பிரித்ததில் எந்தப் பயனும் இல்லை. மரங்கள் விலகி நின்றால் கட்டும் கயிற்றை நீளமாக விட்டுக் கோணத்தைக் குறையுங்கள்.

மேலே கட்டுவதற்கு நீட்சி குறைந்த கயிறு. ஏறுபவரின் இடுப்பில் வருவது நீளும் தன்மையுள்ள டைனமிக் கயிறு. இவற்றை மாற்றிப் போடுவது பெரிய பிழை. நீளும் கயிற்றை மேலே கட்டினால் ஒவ்வொரு தடவை எடை ஏறி இறங்கும்போதும் அது பாறை விளிம்பில் ரம்பம்போல் உரசும். சேரும் புள்ளி விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கட்டும், விளிம்பில் கனமான துணியோ பழைய குழாயோ வையுங்கள். அந்தப் புள்ளியில் பூட்டுள்ள காரபினர் (வாய் திறந்து மூடும் உலோக வளையம்) இரண்டு, வாய் எதிரெதிராகத் திரும்பி இருக்க வேண்டும்.

60 மீட்டர் கயிறு என்றால் பாறை 25 மீட்டரைத் தாண்டாமல் இருக்கட்டும். ஏறி இறங்கக் கயிறு இரட்டிப்பாக வேண்டும் என்பதை மறந்து, பிள்ளையைப் பாதி வழியில் இறக்கும்போது நுனி கையைவிட்டு ஓடிப்போன விபத்துகள் பாறையேற்றத்தில் புதிதல்ல. எந்த நீளமானாலும் கீழ்நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

விளிம்பருகே வேலை செய்பவர் முதலில் தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் அங்கே வரவே கூடாது. இதையெல்லாம் கையால் செய்து, தேர்ந்த ஒருவர் சரிபார்க்கப் பழகாதவர்கள், இந்தப் பத்தியைப் படித்துவிட்டுக் கட்ட வேண்டாம். பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போங்கள்.

கேள்வி: நேற்று இரவு மழை. காலையில் பாறை காய்ந்துவிட்டது. ஏறலாமா?

பதில்: கருங்கல் என்றால், பிடிமானம் காய்ந்திருந்தால் ஏறலாம். மணற்பாறை என்றால் கூடாது. மணற்பாறை நீரை உறிஞ்சிக்கொள்ளும்; மணலைப் பிணைத்திருக்கும் பசை ஊறித் தளர்ந்து, நேற்றுவரை தாங்கிய பிடி இன்று கையோடு வரும். மேற்பரப்பு காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். குறைந்தது 24 மணி நேரம், நல்ல மழையென்றால் 72 மணி நேரம் விடுங்கள். பாறையடியில் மண்ணை விரலால் தோண்டிப் பாருங்கள். மேல்மண்ணுக்குக் கீழே ஈரம் தட்டுப்பட்டால் பாறைக்குள்ளும் ஈரம்தான். உடைந்த பிடி திரும்ப முளைக்காது, பின்னால் வருகிறவர்களுக்கும் அந்த வழி கெட்டுப்போகும்.

ஆற்றோரப் பாறைக்கே உரிய வேறு சிக்கல்களும் இருக்கின்றன. அடியில் சில மீட்டர் வெள்ளம் தேய்த்து வழவழப்பாக இருக்கும், கால் நிற்காது. பிள்ளைகள் முதல் அடியிலேயே சோர்ந்துபோவது இதனால்தான். கூழாங்கற்கள் மணலோடு இறுகி உருவான பாறையில் கூழாங்கல்லே பிடியாகத் தெரியும், இழுத்தால் கழன்று வரும். எந்தப் பிடியையும் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் வெளிப்பக்கமாக இழுக்காதீர்கள்.

கேள்வி: மகன் பாதி ஏறியதும் பயந்து உறைந்துவிடுகிறான். மேலேயும் போவதில்லை, கீழேயும் வருவதில்லை. "கொஞ்சம்தான்டா, ஏறிடு" என்று எவ்வளவு சொன்னாலும் அழுகைதான்.

பதில்: அவனுக்கு உயரத்தைவிடக் கயிற்றின் மேல்தான் நம்பிக்கை இல்லை. கயிறு தாங்கும் என்பதை அவன் உடம்பு இன்னும் அறியவில்லை. ஆகவே ஏறுவதற்கு முன் இறங்கப் பழக்குங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் ஏறியதும் நிறுத்தி, கயிற்றில் உட்காரச் சொல்லுங்கள். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்துப் பாறைக்குச் செங்குத்தாக நீட்டி, பின்னால் சாய்ந்து, நடந்து இறங்கட்டும். பிறகு இரண்டு மீட்டர், பிறகு மூன்று. "இறக்கு" என்றால் உடனே இறக்கப்படுவோம் என்று அவனுக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். ஒருமுறை அவன் கேட்டும் இறக்காமல் கெஞ்சினால், அடுத்தமுறை அவன் ஏறவே தயங்குவான்.

ஒன்றைக் கவனியுங்கள். 20 கிலோ எடையுள்ள பிள்ளையை இறக்கும்போது, மேலே உள்ள உராய்விலேயே கயிறு நின்றுவிடுவதும் உண்டு. பிள்ளை அந்தரத்தில் தொங்கிப் பயந்துபோகும். அதனால் மேற்புள்ளியில் கயிறு பாறையில் உரசாமல் தொங்குகிறதா என்று பிள்ளையை ஏற்றுவதற்கு முன் பெரியவர் ஒருவர் ஏறி இறங்கிப் பாருங்கள்.

கேள்வி: 12 வயது மகள் என்னைப் பிலே செய்ய (நான் ஏறும்போது கீழே நின்று கயிற்றைப் பிடித்துக் காக்க) ஆசைப்படுகிறாள். அவள் 35 கிலோ, நான் 75.

பதில்: தனியாக விடாதீர்கள். நீங்கள் கயிற்றில் எடை போட்டதுமே அவள் மேலே இழுக்கப்பட்டுப் பாறையில் மோதுவாள். அந்த அதிர்ச்சியில் கை விட்டுவிடலாம். அவளைத் தரையில் ஒரு பிடிப்போடு கட்டி, இன்னொரு பெரியவர் பக்கத்தில் நின்று பிரேக் கயிற்றை, அதாவது பிலே கருவியிலிருந்து கைக்கு வரும் பக்கத்தை, பிடித்துக்கொண்டால் பழகலாம். ஆனால் ஏறும் முன் செய்யும் சோதனையை இன்றே அவளிடம் ஒப்படையுங்கள்: இருவரின் ஹார்னஸ் கொக்கிகள், ஏறுபவரின் எட்டு வடிவ முடிச்சு, பிலே கருவியில் கயிறு போகும் திசை, காரபினரின் பூட்டு, கயிற்று நுனி முடிச்சு. தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இதில் பெரியவர்களைவிடக் கறாராக இருப்பார்கள்.

கேள்வி: மலம் கழிக்க ஆற்றுமணலில் குழி தோண்டலாமா?

பதில்: கூடாது. அடுத்த வெள்ளம் அதைக் கீழே குடிக்கிறவர்களிடம் கொண்டுபோகும். படுகையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் விலகி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி எடுத்து மூடுங்கள். வறண்ட மண்ணில் மட்கும் வேகம் மிகக் குறைவு. காகிதத்தையும் ஈரத்துடைப்பானையும் பையில் கட்டித் திரும்ப எடுத்து வாருங்கள்.

கேள்வி: கூழாங்கற்களை அடுக்கி அடுப்பு மூட்டலாமா?

பதில்: ஆற்றுக்கல் வேண்டாம். உள்ளே ஊறியிருக்கும் நீர் சூட்டில் ஆவியாகி, கல் வெடித்துத் தெறிக்கும். கரைமேட்டில் நெடுநாளாகக் காய்ந்து கிடக்கும் கல்லை எடுங்கள், அல்லது எரிவாயு அடுப்பைக் கொண்டுபோங்கள்.

கேள்வி: திரும்பி வந்ததும் கயிறு முழுக்க மணல். உதறினால் போதுமா?

பதில்: போதாது. நுண்மணல் உறைக்குள் புகுந்து, கயிறு வளையும்போதெல்லாம் இழைகளை அறுக்கும். மணலேறிய கயிற்றில் ஆளை இறக்கும்போது அலுமினியக் காரபினரில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தின் விளிம்பு கத்தியாகிப் பிறகு கயிற்றையே வெட்டும். பாறையடியில் எப்போதும் விரிப்பின் மேல் கயிற்றைக் குவியுங்கள், யாரும் மிதிக்கக் கூடாது. வீட்டில் வெதுவெதுப்பான நீரில், ப்ளீச் இல்லாமல், நீர் தெளியும்வரை அலசி நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்ததும் முழு நீளத்தையும் விரல்களுக்கு நடுவே ஓட்டிப் பாருங்கள். எங்காவது தட்டையாகவோ மெத்தென்றோ இருந்தாலோ, ஊசிக்காதுபோல் கூர்மையாக மடங்கினாலோ, உள்ளிழை வெள்ளையாகத் தெரிந்தாலோ அந்த இடத்தில் வெட்டிவிடுங்கள். மிஞ்சியது எத்தனை மீட்டர் என்று அளந்து கயிற்றுப் பையில் எழுதிவையுங்கள். நடுக்குறியும் இடம் மாறியிருக்கும்.